பிரெஞ்சில் ‘கலான்’ என்றால் பண்பாளரா, பெண்பித்தரா?

பிரெஞ்சு படிக்கத் தொடங்கி உங்களுக்கு ஆறேழு மாதம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அகராதியில் ‘கலான்’ என்ற சொல்லுக்கு ஒரு வரியில் ‘பெண்களிடம் கண்ணியமாக நடப்பவர்’ என்றும், அடுத்த வரியில் ‘பெண்கள் பின்னால் சுற்றுபவர்’ என்றும் போட்டிருக்கும். இரண்டும் சரிதான். எந்த இடத்தில் எது என்று தெரியாமல் ஐம்பது பேர் முன்னால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நான் மொழியியல் படித்தவன் அல்ல. பாரிஸில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பண்டிதர்கள் பொறுத்தருள்க.

எங்கள் தாத்தா புதுச்சேரிச் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். யாரையாவது மனமாரப் பாராட்ட வேண்டுமென்றால் ‘கலான் தோம்’ என்பார். வாக்குத் தவறாத, நேர்மையான மனிதர் என்று பொருள். இந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் கெட்டேன்.

2018 ஜனவரிக் கடைசியில் எங்கள் அலுவலகத்தில் மூத்த அம்மையார் ஒருவர் ஓய்வுபெற்றார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் என் கடிதங்களைப் பிழைதிருத்திக் கொடுத்தவர். குடியிருப்பு அட்டைக்கான படிவங்களைத் தன் மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து நிரப்பித் தந்தவர். பிரிவுபசாரத்தில் நானும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். ஆணுக்குக் ‘கலான் தோம்’ என்றால் பெண்ணுக்கு என்ன? இலக்கணப்படி மாற்றி, ‘இவர் உண்மையான ஃபாம் கலான்த்’ என்று கணீரென்று சொல்லிவிட்டேன்.

ஒருவருக்குப் புரையேறியது. மேலாளர் கூரையைப் பார்த்தார்.

‘ஃபாம் கலான்த்’ என்றால், நாகரிகமாகச் சொல்வதானால், ஆசைநாயகி. பணக்கார ஆண்களின் தயவில் வாழ்பவள் என்பது பழைய வழக்கு. இன்றைக்குப் பேச்சில் அதிகம் வராது என்றாலும், கேட்ட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த அம்மையார் மட்டும் அசரவில்லை. கோப்பையை உயர்த்தி, “62 வயதில் இந்தப் பட்டமா? கொஞ்சம் முன்னாலேயே கொடுத்திருக்கலாமே!” என்றார். அறை சிரிப்பில் அதிர்ந்தது. எனக்குக் காது சுட்டது.

விதி இதுதான். ‘ஓம்’ என்றால் ஆண். ‘கலான்’ அதற்கு முன்னால் வந்தால், சேர்த்துச் சொல்கையில் ‘கலான் தோம்’, கண்ணியவான். பின்னால் வந்தால் ‘ஓம் கலான்’, பெண்களிடம் குழைந்து பேசி மனம் கவர்பவர். சில வாய்களில் நம் ஊர் ‘மைனர்’. ஆக, ஆணுக்கு எந்தப் பக்கம் வைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. பெண்ணுக்கு வாய்த்தது ஒரே பக்கம். நமக்கு இது புதிதும் அல்ல. ஊரில் ‘பெரிய மனிதர்’ என்றால் பஞ்சாயத்துக்கு அழைப்பார்கள். ‘பெரிய மனுஷி’ என்றால் மஞ்சள் நீராட்டுக்கு நாள் பார்ப்பார்கள்.

களியாட்டம் போடுவதைக் குறிக்கும் ‘கலே’ என்ற பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் இது. பதினேழாம் நூற்றாண்டில் நாசூக்கு, நகைச்சுவை, பேச்சு நயம் எல்லாவற்றையும் உள்ளடக்கியது. 1672-இல் தொடங்கிய ‘மெர்க்யூர் கலான்’ என்ற இதழில் அரண்மனைச் செய்தியும் கவிதையும் வந்தன. பெயரை வைத்து விரசமான பத்திரிகை என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றியின் பட்டப்பெயர் ‘வேர் கலான்’, அதாவது ‘பச்சைக் கலான்’. முதலில் காட்டில் பதுங்கியிருந்த கொள்ளையரைக் குறித்த பெயராம். பிறகு, வயதானாலும் பெண்ணாசை வற்றாதவர் என்றாயிற்று. நம் மொழியிலும் ‘பச்சையாகப் பேசாதே’ என்கிறோமே, அது நினைவுக்கு வந்து சிரித்துக்கொள்வேன். காதலியர் கணக்குக்குப் பேர்போன அந்த அரசருக்குப் பாரிஸில் ஒரு பாலத்தின் மேல் குதிரைச் சிலை, கீழே ஆற்றோரம் அந்தப் பட்டப்பெயரிலேயே ஒரு பூங்கா. ‘ஃபாம் கலான்த்’ ஒருத்திக்கு அப்படி ஒரு பூங்காவை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் நேரம், நான் உளறிய அதே ஜனவரியில்தான், திரைப்பட நடிகை கேத்தரின் தெனவ் உட்பட 100 பெண்கள் ‘ல மோந்த்’ நாளிதழில் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். விடாப்பிடியாகவோ அசட்டுத்தனமாகவோ ஒரு பெண்ணைக் கவர முயல்வது குற்றமல்ல, ‘கலான்த்ரி’, அதாவது பெண்களிடம் ஆண்கள் காட்டும் இந்தக் ‘கலான்’ பாங்கு, என்பது ஆணாதிக்கத் தாக்குதலும் அல்ல என்றார்கள். பெண்ணியவாதிகள் கொதித்து மறுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் தெருவில் பெண்களைச் சீண்டினால் அபராதம் என்று சட்டமும் வந்தது. நான் எந்தக் கட்சி என்று கேட்டுச் சண்டைக்கு வராதீர்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் நிறுத்தவில்லை. ஆனால் யார் வந்தாலும் நிற்கிறேன், ஆணானாலும்.

      

விழா முடிந்து அந்த அம்மையாருடன் மெட்ரோ வரை நடந்தேன். அவருக்கு முழங்கால் வலி. பெண்ணுக்குக் கண்ணியமாகச் சொல்ல என்ன சொல் என்று கேட்டேன். “அப்படி ஒரு சொல் இல்லை, நாங்கள் அதை உருவாக்கவே இல்லை” என்றார். படிக்கட்டு வந்ததும் பழக்கதோஷத்தில் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன். தலையை ஆட்டினார். “இறங்கும்போது ஆண்தான் முன்னால். நான் விழுந்தால் உங்கள் மேல்தானே விழ வேண்டும்?” முன்னால் இறங்கினேன். கடைசிப் படி வரைக்கும் அவர் கை என் தோளில் இருந்தது.