ஒரே மொழி, 16 மாநிலங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வருடங்களாக ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். நம் ஊரில் மாநிலம் என்றால் மொழி, அது புரிகிறது. இங்கே எல்லோருக்கும் ஜெர்மன்தான். பிறகு எதற்கு 16 மாநிலங்கள்? நிர்வாக வசதி என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஃப்ரைபர்க்கிலிருந்து வந்த சக ஊழியரை வூர்ட்டம்பெர்க்காரர் என்று சொல்லிவிட்டேன். நான் பாடன்காரன் என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்துவிட்டார். இரண்டும் சேர்ந்து ஒரே மாநிலம்தானே? இந்த உணர்வெல்லாம் அரசியல்வாதிகள் ஊதிப் பெருக்குவதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அரைமணி நேரத்தோடு விட்டாரே!

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நம் ஊரிலும் மொழி மட்டும் இல்லை. 2014-ல் பிரிந்த தெலங்கானாவும் ஆந்திரமும் பேசுவது ஒரே தெலுங்குதான்.

உங்கள் கேள்விக்கு நீங்கள் குடியிருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. பாடனும் வூர்ட்டம்பெர்க்கும் நெடுங்காலம் தனித்தனி அரசுகள். 1945-ல் அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் அந்தப் பகுதியைப் பங்கிட்டபோது, கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து மியூனிக் போகும் நெடுஞ்சாலை தங்கள் கையில் இருக்கவேண்டும் என்றார்கள் அமெரிக்கர்கள். இன்றைய ஏ8 சாலை அது. சாலை போகும் மாவட்டங்கள் அவர்களுக்கு, தெற்கே உள்ளவை பிரெஞ்சுக்காரர்களுக்கு. ராணுவ லாரிகள் ஓடுவதற்காக இரண்டு பழைய நாடுகளும் குறுக்கே வெட்டுப்பட்டு மூன்று மாநிலங்களாயின.

அவற்றைச் சேர்ப்பதா, பழையபடி இரண்டாக்குவதா என்று 1951 டிசம்பரில் மக்களிடம் கேட்டார்கள். கேட்ட விதத்தில்தான் வில்லங்கம். பகுதியை நான்காகப் பிரித்து, மூன்றில் ஜெயித்தால் இணைப்பு என்று விதி வைத்தார்கள். பழைய பாடன் முழுவதையும் ஒன்றாக எண்ணினால் ஏறத்தாழ 52 சதவீதம் பேர் தனி பாடனைத்தான் கேட்டிருந்தார்கள். ஆனால் வடக்கும் தெற்கும் தனித்தனியாக எண்ணப்பட்டன. வூர்ட்டம்பெர்க்கின் இரண்டு பகுதிகளோடு வடக்கு பாடனும் இணைப்புக்குச் சம்மதித்தது, தெற்கு பாடன் தோற்றது. 1952 ஏப்ரல் 25 அன்று புது மாநிலம் பிறந்தது. பாடன் மக்களின் விருப்பம் அமுங்கிப்போனதை 1956-ல் அரசியல் சாசன நீதிமன்றமே ஏற்று, மறுபடியும் கேட்க வழிவிட்டது. அந்த வாக்கெடுப்பு நடந்தது 1970-ல். 81.9 சதவீதம் பேர் இருக்கிற மாநிலமே போதும் என்றார்கள். இடையில் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது, கிழக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் வேரூன்றிவிட்டார்கள், தொழில் செழித்துவிட்டது. இவ்வளவு இழுத்தடித்தது தந்திரம் என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் கேட்டார்கள். கோபம் கிண்டலாக இறங்கியது அதற்குப் பிறகுதான். ஃப்ரைபர்க் கால்பந்து அணியின் சொந்த மைதானத்தில் ஆட்டம் தொடங்குமுன் இன்றும் பாடன் பாட்டுதான் ஒலிக்கும். ஒருமுறை போய்வாருங்கள்.

ஆக, கோடு ராணுவம் போட்டதாக இருந்தாலும் உணர்வு பின்னால் வந்து சேரலாம், அந்த மாநிலத்துக்கு உண்மையான வேலை இருந்தால். ஜெர்மனியில் பள்ளிக்கூடமும் போலீஸும் மாநிலத்தின் பொறுப்பு. மேலவையான புண்டஸ்ராட்டில் உட்காருவதே மாநில அரசுகள்தான். சுமார் 7 லட்சம் பேரே இருக்கும் பிரேமனுக்கு அங்கே 3 வாக்கு. 1 கோடியே 80 லட்சம் பேர் இருக்கும் வடரைன்-வெஸ்ட்ஃபாலியாவுக்கு 6. அந்தப் பெரிய மாநிலமும் 1946-ல் பிரிட்டிஷார் ஒட்டவைத்ததுதான்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. கிழக்கு ஜெர்மனி 1952-ல் மாநிலங்களைக் கலைத்து 14 மாவட்டங்களாக்கியது. சாக்சனி என்ற மாநிலமே அதன்பின் 38 வருடம் இல்லை. ஆனால் கம்யூனிஸ்ட் ஆட்சி ஆட்டம் கண்டதும் டிரெஸ்டன் தெருக்களில் சாக்சனியின் வெள்ளை-பச்சைக் கொடி வந்துவிட்டது. மாறாக, இவர்கள் எல்லோரையும்விடப் பெரிதாக இருந்த பிரஷ்யாவை 1947-ல் நேச நாடுகள் சட்டம் போட்டு ஒழித்தபோது, திருப்பிக் கொடுங்கள் என்று தெருவுக்கு வந்தவர் இல்லை. ஒன்று தங்கி மற்றது மறைந்ததற்கு ஒற்றைக் காரணம் சொல்ல எனக்கு வராது. பிரஷ்யா வென்று சேர்த்த நிலங்களின் தொகுப்பு, அதன் எல்லைக்குள்ளேயே ரைன்லாந்துக்காரர்கள் ரைன்லாந்துக்காரர்களாகவே இருந்தார்கள் என்பது ஒரு பகுதி விடை.

அரசியல்வாதிகள் ஊதுகிறார்களா? பவேரியாவில் நன்றாகவே ஊதுகிறார்கள். 1949-ல் அதன் சட்டமன்றம் ஜெர்மன் அரசியல் சாசனத்துக்கு எதிராகவே வாக்களித்தது. மற்ற மாநிலங்கள் ஏற்றால் கட்டுப்படுகிறோம் என்று கூடவே தீர்மானமும் போட்டது. ஆனால் அதே பவேரியாவுக்குள் நியூரம்பெர்க்காரரிடம் போய் நீங்கள் பவேரியர்தானே என்று கேளுங்கள், பிராங்கோனியன் என்பார். நெப்போலியன் காலத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட நிலம் அது. 200 வருடம் ஊதியும் அங்கே அவ்வளவாகப் பற்றவில்லை. கடைசியில் பவேரியச் சட்டமன்றமே 2006-ல் ஜூலை 2-ஐ பிராங்கோனிய நாளாக அறிவித்தது.

எனக்குப் பெரிதாகப் படும் வேறுபாடு இது. நம் சாசனத்தின் 3-ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்கவேண்டியதில்லை. ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்த பிறகும் தெலங்கானா மசோதா டெல்லியில் நிறைவேறியது. தெலங்கானா கேட்டது நியாயம் என்று நினைப்பவன்தான் நான், ஆனால் இந்த வழி எனக்கு உவப்பில்லை. ஜெர்மனியில் மாநிலங்களை இணைக்கவேண்டுமானால் வாக்காளர்கள் சம்மதிக்கவேண்டும். 1995-ல் பெர்லினும் அதைச் சுற்றியிருக்கும் பிராண்டன்பர்க்கும் ஒன்றாகலாம் என்று இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. 1996-ல் வாக்கெடுப்பு நடந்தது. பெர்லின் சரி என்றது. பிராண்டன்பர்க்கில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 63 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.