தரை மிதக்கிறது, டாக்டர்

கேள்வி: எனக்கு வயது 52. கும்பகோணத்தில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் விடியற்காலையில் கண் விழித்ததும் அறையே சுழன்றது, விடாமல் வாந்தி. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தேன். தலை ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை. காதும் நன்றாகக் கேட்கிறது. சுழற்சி நின்று 14 மாதங்கள் ஆகியும் தள்ளாட்டம் போகவில்லை. சட்டென்று திரும்பினால் கிறுகிறுக்கிறது. இருட்டில் நடக்க முடியவில்லை. ஜவுளிக் கடைக்குள் நுழைந்தால் தரை மிதக்கிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொன்னதால் பட்டை அணிகிறேன். தலைசுற்றல் மாத்திரையை மூன்று வேளையும் போடுகிறேன். வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். ஆயுளுக்கும் இப்படித்தானா? பழையபடி ஸ்கூட்டர் ஓட்ட முடியுமா?

பதில்: இது மனப்பிரமை இல்லை அம்மா. இந்த ஒரு வரியை முதலில் வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம், முறிந்த கையில் கட்டு தெரியும். தலைசுற்றலை அப்படி எடுத்துக் காட்ட வழியில்லை. 14 மாதங்கள் நம்பப்படாமலே நடமாடியிருக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அன்று உள்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் சமநிலை நரம்பு ஒரு பக்கத்தில் அழற்சி கண்டிருக்க வேண்டும். நாள் கணக்கில் விடாத சுழற்சி, வாந்தி, கேட்கும் திறனில் பாதிப்பின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதைத்தான் முதலில் நினைப்போம். பிரான்ஸ் மருத்துவர் மெனியே 1861-இல் விவரித்த நோய் வேறு. அதில் காது அடைக்கும், இரையும், கேட்பது குறையும். ஸ்கேன் சரியாக இருப்பதால் உங்களுக்கு நோயே இல்லை என்று ஆகிவிடாது. அந்த நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பது ஸ்கேனில் தெரியாது. தலையைச் சட்டென்று சிறிது திருப்பி, கண் இலக்கில் நிற்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டு காதுகளும் வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் போல. ஒன்று சோர்ந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நோய் கண்ட நரம்பு முழுவதும் தேறாவிட்டாலும், வண்டியோட்டியான மூளை அதற்கேற்ப ஓட்டப் பழகிக்கொள்ளும். ஆனால் வண்டி நகர்ந்தால்தான் பழக முடியும். நீங்களோ கழுத்தைப் பட்டையால் கட்டிவிட்டீர்கள். வண்டியோட்டிக்கு மூன்று வேளையும் தூக்க மருந்தும் கொடுக்கிறீர்கள். உங்கள் மேல் தவறில்லை, சொன்னதைச் செய்தீர்கள். தேய்மானம் 50 வயதைத் தாண்டிய பலரின் எக்ஸ்ரேயில் தெரியும். தலைசுற்றலுக்கெல்லாம் அதுவே காரணம் என்று சொல்லிவிடுகிற வழக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன்.

சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற தலைசுற்றல் மாத்திரைகள் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வரப்பிரசாதம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை பழகுவதைத் தாமதப்படுத்தும். வயது ஏற ஏற, கை நடுக்கமும் உடல் விறைப்பும்கூட அவற்றால் வரலாம். ஆனாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ சீட்டைக் காட்டி, படிப்படியாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பட்டையைப் பற்றியும் கேளுங்கள். படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடிகள் சுழன்றால் அதையும் சொல்லுங்கள். உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கலாம், தலையைச் சில நிலைகளில் வைத்துச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம்.

இனி பயிற்சி. 1940-களில் கத்தார்ன், குக்சி என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் வகுத்த முறையின் வழிவந்தது இது. காலண்டர் தாளில் ஓர் எழுத்தைக் கண் மட்டத்தில் ஒட்டி, கை நீளத் தூரத்தில் உட்காருங்கள். எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அது கலங்காத வேகத்தில் தலையை இட வலமாக ஒரு நிமிடம் அசையுங்கள்; பிறகு மேலும் கீழும். நாளுக்கு நான்கைந்து தடவையாகப் பிரித்து, மொத்தம் 20 நிமிடங்கள் வரை கொண்டுவாருங்கள். நன்றாகப் பழகியபின் நின்றுகொண்டு செய்யலாம். செய்யும்போது கிறுகிறுக்கும். அதற்குப் பயந்து பலர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கிறுகிறுப்புதான் மூளைக்குப் பாடம். கால் மணி நேரத்தில் அடங்கினால் அளவு சரி. மணிக்கணக்கில் நீடித்தால் வேகத்தைக் குறையுங்கள். இந்தப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது.

நடைக்கு உங்கள் ஊரைவிட நல்ல இடம் ஏது? கும்பேசுவரர் கோயில் பிரகாரத்தில் கூட்டமில்லாத நேரத்தில், துணையோடு நடங்கள். கண், உள்காது, பாதம் மூன்றும் சொல்வதைக் கேட்டுத்தான் மூளை உடலை நிறுத்துகிறது. வெறுங்காலும் கருங்கல் தரையும் பாதத்தின் சேதியைத் தெளிவாக அனுப்பும். ஒரு தூணை இடப்புறம் பார்த்து, அடுத்ததை வலப்புறம் பார்த்து நடங்கள். நவக்கிரகத்தைச் சுற்றுவது சிறிய வட்டம், கடினம்; அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஜவுளிக் கடைக்கும் போங்கள், முதலில் ஐந்து நிமிடம். அங்கே மிதப்பதற்குக் காரணம், காதை நம்ப முடியாத மூளை முழுவதும் கண்ணையே சார்ந்திருப்பதுதான்.

குளிக்கும்போது கண்ணை மூடித் தலைக்கு நீர் ஊற்றுவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகக் கோணல், கை கால் வலுவிழப்பு, நிற்கவே முடியாமை இவற்றில் ஒன்று திடீரென வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஆயுளுக்கும் இப்படியே இருக்க வேண்டியதில்லை. 14 மாதங்கள் கழித்துத் தொடங்கினாலும் பயிற்சி பலன் தரும். ஆறேழு வாரங்களில் பலருக்கு மாற்றம் தெரிகிறது. களைப்பும் தூக்கமின்மையும் உள்ள நாட்களில் தள்ளாட்டம் எட்டிப் பார்க்கலாம். அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஸ்கூட்டர் இப்போது வேண்டாம். நடந்துகொண்டே பின்னால் திரும்பிப் பார்த்து, கால் பிசகாமல், பார்வை கலங்காமல் நேராகப் போக முடிகிற நாள் வரட்டும். மருத்துவரும் சரி என்று சொல்லட்டும். அன்று காலை ஆறு மணிக்கு, பின்னால் யாரையும் ஏற்றாமல், தெருக்கோடி வரை ஓட்டிப் பாருங்கள்.