ஃப்ரீ ஏஜென்சியில் ஒரு என்.எஃப்.எல். அணி பணத்தைக் கொட்ட வேண்டுமா, விலை பார்த்து வாங்க வேண்டுமா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில், ஒப்பந்தம் முடிந்த வீரர்களை எந்த அணியும் வாங்கக்கூடிய சந்தைதான் ஃப்ரீ ஏஜென்சி. அதில் பெரும்பாலும் விலை பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் சிறிய தொகையோ பெரிய தொகையோ, கையெழுத்துக்கு முன்பே வருகிறவருக்கு நம் அணியில் என்ன வேலை என்பது முடிவாகியிருக்க வேண்டும் என்பதே என் பதில். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் பார்த்துவருகிறேன். அந்த ஒரே அணி 2011இல் சறுக்கியதையும் 2024 பருவத்தில் வென்றதையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த முடிவு இது.

2011 கோடையில், உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் நடந்த இழுபறியால் முடங்கிக் கிடந்த லீக் மீண்டும் திறந்த சில நாள்களுக்குள் ஈகிள்ஸ் அணி வரிசையாக வீரர்களை வாங்கிக் குவித்தது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு மாற்றாக வந்த வின்ஸ் யங் அதைக் ‘கனவு அணி’ என்று சொல்லிவிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவ்வாண்டின் பெரிய கொள்முதல் தற்காப்பில் ஆடும் கார்னர்பேக் நம்டி அசோமுகா. ஐந்தாண்டுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம். அவர் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் அவர் ஆண்டுக்கணக்காகச் செய்தது ஒரே வேலைதான்: பெரும்பாலும் வலப்பக்கம் நின்று, எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடிவரும் ரிசீவரை ஒட்டியபடியே ஓடி, அவர் பக்கம் பந்தே வராமல் பார்த்துக்கொள்வது. ஃபிலடெல்ஃபியாவிலோ ஆளைக் காப்பதற்குப் பதிலாகக் களத்தின் பகுதியைக் காக்கும்படி பல இடங்களில் மாற்றி மாற்றி நிறுத்தப்பட்டார். அந்தத் தற்காப்பை அவ்வாண்டு பொறுப்பேற்று நடத்திய ஹுவான் காஸ்டிலோ, அதுவரை எதிராளிகளை மறித்து வழி அமைக்கும் தாக்குதல் வரிசைக்குப் பயிற்சியளித்துவந்தவர். அணி 8 வெற்றி, 8 தோல்வியுடன் முடித்தது. மறு ஆண்டு 4 வெற்றி, 12 தோல்வி. 2013 மார்ச்சில் அசோமுகா விடுவிக்கப்பட்டார். அவரை மட்டும் குறை சொல்வது எனக்கு இன்றும் அநியாயமாகவே படுகிறது.

மார்ச் மாதத்தில் சந்தை திறக்கும் முதல் நாளில் ஏன் இவ்வளவு விலை ஏறுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு வீரரின் முழங்கால் எப்படி இருக்கிறது, பயிற்சிக்கு எப்படி வருகிறார் என்பதெல்லாம் பழைய அணிக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த அணியே அவரைப் போகவிடுகிறது. அவரை அடைவதோ, ஏலத்தில் அவரை மற்ற எல்லோரையும்விட உயர்வாக மதிப்பிட்ட அணி. சம்பள உச்சவரம்பு இருப்பதால் (2024இல் ஓர் அணிக்கு 25.54 கோடி டாலர்) தவறான கணிப்பு எளிதில் மறைவதுமில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 5 கோடி டாலரைக் கையெழுத்துப் போனஸாகக் கொடுத்தால், கணக்கில் அது ஆண்டுக்கு ஒரு கோடியாகப் பிரிகிறது. இரண்டு ஆண்டுகளில் அவரை அனுப்பிவிட்டால் மீதமுள்ள 3 கோடி, அணியில் இல்லாத ஒருவருக்காக உச்சவரம்பில் இடம் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இனி 2024 மார்ச்சுக்கு வருகிறேன். அந்த மாதம் ஈகிள்ஸ் வாங்கியவர்களில் மூவரைப் பாருங்கள். நியூயார்க் ஜெட்ஸ் அணியில் குறிப்பிட்ட தருணங்களில் மட்டும் களமிறங்கி, முந்தைய பருவத்தில் பத்து முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்திய பிரைஸ் ஹஃபுக்கு மூன்றாண்டுக்கு 5.11 கோடி டாலர். பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லிக்கு மூன்றாண்டுக்கு 3.775 கோடி டாலர். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் பந்தை உதைக்கும் தருணங்களில் இறங்கும் சிறப்பு அணிகளில் ஓடிக்கொண்டிருந்த ஸாக் பானுக்கு ஓராண்டுக்கு 35 லட்சம் டாலர்.

தற்காப்பை நடத்திய விக் ஃபேன்ஜியோ, விளிம்பில் நின்று ஆடிப் பழகிய பானை நடுக்களத்து லைன்பேக்கராக மாற்றினார். அந்தப் பருவத்திலேயே பான், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்தார். 2025 பிப்ரவரி 9 அன்று அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல், அவருடைய பழைய அணியின் மைதானமான நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமிலேயே நடந்தது. இரண்டாம் கால்பகுதி முடியும் தறுவாயில் கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தை, அது தரையைத் தொடுவதற்குள் பான் பாய்ந்து விழுந்து பிடித்த அந்த நொடியில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதைத் தொடர்ந்து ஏ.ஜே. பிரவுன் டச்டவுன் அடிக்க, இடைவேளையில் 24-0, இறுதியில் 40-22 என ஈகிள்ஸ் வென்றது. மணிக்கட்டு அறுவைச் சிகிச்சையும் சேர்ந்துகொள்ள, பருவம் முழுவதிலும் இரண்டரை சாக் (குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) மட்டுமே எடுத்திருந்த ஹஃப் அன்று ஆடும் பட்டியலிலேயே இல்லை.

பார்க்லி விஷயம் வேறு. 2,005 யார்டு ஓடி, தனக்குக் கொடுத்த பணத்துக்கு மேலேயே அவர் ஈட்டித் தந்தார். ஆனால் ஜோர்டன் மைலாட்டா, லேன் ஜான்சன் போன்றவர்கள் இருந்த தாக்குதல் வரிசை அவர் வருவதற்கு முன்பே தயாராக இருந்தது. ரன்னிங் பேக்குகளின் சம்பளம் லீக் முழுவதும் தாழ்ந்திருந்த காலம் அது என்பதால், பெரிய பெயராக இருந்தும் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் அவரும் மலிவாகவே கிடைத்தார் என்பேன்.

பொறுமையாக இருக்கும் அணிக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. ஃப்ரீ ஏஜென்சியில் வாங்கிய வீரர்களைவிட அதிகமானவர்களை இழந்த அணிகளுக்கு, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மறு ஆண்டு டிராஃப்டில் மூன்று முதல் ஏழாம் சுற்றுவரை அதற்கு ஈடாகக் கூடுதல் தேர்வுகள் கிடைக்கும். பால்டிமோர் ரேவன்ஸ் அணி இந்த வழியைத் திட்டமிட்டே பயன்படுத்திவருகிறது.

குவார்ட்டர்பேக் இல்லாத அணிக்கு மட்டும் நான் இந்த நிதானத்தைச் சொல்லமாட்டேன். 2006இல் குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் தோள் அறுவைச் சிகிச்சை முடிந்து நின்றபோது மயாமி அணி மருத்துவர்களின் ஐயத்தால் பின்வாங்கியது. நியூ ஆர்லியன்ஸ் ஆறாண்டுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2010 பிப்ரவரியில் அந்த அணி தன் முதல் சூப்பர் பவுலை வென்றது. பயிற்சியாளர் ஷான் பேட்டனும் 2006இல்தான் அங்கே வந்தவர். தன் தாக்குதல் முறை முழுவதையும் பிரீஸை மையமாக வைத்தே கட்டினார்.