வாழை இலையைச் சுருட்டும் புழு: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் இலை அறுப்புக்காகப் பூவன் வாழை போட்டிருக்கிறேன். இலை ஓரம் வெட்டுப்பட்டு, குழலாகச் சுருண்டு தொங்குகிறது. பிரித்தால் உள்ளே மாவில் புரண்டது போல ஒரு புழு. அந்தி நேரத்தில் பழுப்பு நிறப் பூச்சிகள் விருட்டென்று பறக்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: வணக்கம் ஐயா. நீங்கள் பார்த்த இரண்டும் ஒன்றுதான். புழு வளர்ந்துதான் அந்தப் பூச்சி ஆகிறது. இது வாழை ஸ்கிப்பர் என்னும் வண்ணத்துப்பூச்சி. அந்தியில் பறப்பதால் பலரும் அந்துப்பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். பிடித்துப் பாருங்கள்: கண் சிவப்பாக இருக்கும், முன் இறக்கையில் மஞ்சள் திட்டுகள் தெரியும், உணர்கொம்பின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும்.

தாய்ப்பூச்சி இலையில் முட்டை வைக்கும். பொரித்து வந்த புழு ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கி இலையை வெட்டி, சுருட்டி, பட்டு நூலால் கட்டி உள்ளே குடியிருக்கும். வளர வளரப் பெரிய சுருளாகச் செய்துகொள்ளும். கூட்டுப்புழுவாவதும் அதற்குள்ளேதான். முட்டையிலிருந்து பூச்சி வரை ஐந்தாறு வாரம் ஆகும்.

மருந்து அடிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சுருளுக்குள் மருந்து சரியாகப் போகாது. போனாலும் அந்த வெள்ளைப் பொடி ஒரு மெழுகு, தண்ணீரை ஒட்டவிடாது. சாவது நமக்கு உதவும் குளவிகள்தான். அதோடு, இந்த இலையில்தான் ஒருவர் சோறு வைத்துச் சாப்பிடப்போகிறார்.

அந்தக் குளவிகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1973-ல் ஹவாய்த் தீவுகளில் வாழை ஸ்கிப்பர் புகுந்தபோது, முட்டையையும் புழுவையும் தாக்கும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வாரம் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வந்து சுருள்களைப் பறியுங்கள். இலை அறுக்கும்போதே இதையும் செய்தால் தனிக் கூலி ஆகாது. பறித்ததை நசுக்கவோ எரிக்கவோ வேண்டாம். ஒரு டிரம்மில் போட்டு வாயை வலையால் இறுகக் கட்டி, தோட்டத்திலேயே நிழலில் வையுங்கள். ஸ்கிப்பர் வெளியே வர முடியாத, குளவி மட்டும் நுழைந்து போகிற கண்ணளவு வலையில் இருந்தால் போதும். செத்த புழுவைச் சுற்றி வெள்ளையாகச் சிறு கூடுகள் தெரிந்தால் அவை குளவியின் கூடுகள், தொடாமல் விடுங்கள்.

சின்னக் கன்றுகளை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். வளர்ந்த மரம் இரண்டு இலை போனாலும் தாங்கும், கன்று தாங்காது.