ஆபாசம், அந்தரங்கம், சட்டம்: வாசகர் கேள்விகள்

வீட்டில் தனியாக ஆபாசப் படம் பார்ப்பது குற்றமா? ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்களே!
– ஒரு வாசகர், மதுரை

வயது வந்த ஒருவர், வயது வந்தவர்கள் இடம்பெறும் படத்தைத் தனியே பார்ப்பதைத் தண்டிக்க இந்தியாவில் சட்டப் பிரிவு இல்லை. சாலையோரம் நின்று செல்போனில் பார்த்த ஒருவர் மீது போடப்பட்ட வழக்கை, 2023 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

படம் கைமாறும்போதுதான் குற்றம் தொடங்குகிறது. ஆபாசப் பொருளை விற்பதும் பரப்புவதும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவில் வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 292. முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். பாலுறவுக் காட்சியை இணையம் வழியே அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ: 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘எனக்கு வந்ததைத்தானே அனுப்பினேன்’ என்பது தப்பிக்கும் வழியல்ல.

சிறார் இடம்பெறும் படம் என்றால் பேச்சே வேறு. அதைத் தேடுவது, பார்ப்பது, பதிவிறக்குவது எல்லாமே 67பி-யில் குற்றம். பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் ரத்து செய்தது. ‘குழந்தை ஆபாசப் படம்’ என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. சரிதான். அது படமல்ல, ஒரு குழந்தை மீது நடந்த வன்கொடுமையின் பதிவு. கேட்காமலே உங்கள் போனுக்கு வந்தால், யாருக்கும் அனுப்பாமல் காவல் துறைக்குத் தெரிவியுங்கள்.

கருத்துச் சுதந்திரம் என்ற பெயரில் இந்தக் குப்பையை ஏன் பொறுக்க வேண்டும்? மொத்தமாகத் தடை செய்தால் என்ன?
– ஒரு தமிழாசிரியை, தஞ்சாவூர்

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 19(2)-ஆவது பிரிவு, நாகரிகம், ஒழுக்கம் ஆகியவற்றின் பேரில் பேச்சுரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. எதை வைத்து அளப்பது என்பதுதான் சிக்கல்.

1964-இல் மும்பைப் புத்தகக் கடைக்காரர் ரஞ்சித் உதேஷியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1868-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ‘ஹிக்ளின்’ அளவுகோலைக் கையில் எடுத்தது. எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனம் உள்ளவரை ஒரு எழுத்து கெடுக்குமா என்று பார்ப்பது அது. ஆக, சமூகத்தில் மிகப் பலவீனமான வாசகருக்கு ஏற்றதைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும் என்றாகிறது. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில்தான் அது கைவிடப்பட்டு, இன்றைய சமூகத்தின் சராசரி மனிதரின் பார்வையில், படைப்பை முழுமையாக வைத்துப் பார்க்கும் முறை வந்தது.

‘ஆபாசம்’ என்ற வலையை அகலமாக வீசினால் யார் சிக்குவார்கள் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. ஒரு நாவலுக்காகப் பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் எழுத்தையே துறப்பதாக அறிவித்தார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம், படிப்பதும் படிக்காததும் வாசகர் விருப்பம் என்று கூறி அவரை மீண்டும் எழுதச் சொன்னது.

இணையத் தடையையும் செய்து பார்த்தாயிற்று. 2015 ஜூலை 31-இல் மத்திய அரசு 857 தளங்களை முடக்க உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், சிறார் படம் இல்லாத தளங்களை முடக்கத் தேவையில்லை என்று நான்கே நாளில் பின்வாங்கியது. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவால் அதே பட்டியல் திரும்பி வந்தபோது, அதில் 30 தளங்களில் ஆபாசமே இல்லை என்று தெரிந்து மீதி 827-ஐ முடக்கினார்கள். முடக்கிய தளங்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தன. பார்ப்பவர்கள், தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் சேவைக்குப் போனார்கள்.

பெண்ணுரிமை நோக்கிலான வாதம் ஒழுக்க வாதத்தைவிடக் கனமானது. பெண்ணியர்களான கேதரின் மக்கின்னனும் ஆண்ட்ரியா ட்வார்க்கினும் 1983-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்கு ஒரு சட்ட வரைவு எழுதினார்கள். ஆபாசப் படத்தை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல், பெண்ணின் சம உரிமையைப் பறிப்பதாகப் பார்த்த வரைவு அது. அங்கே மேயர் அதை ரத்து செய்தார். இண்டியானாபொலிஸ் நகரம் நிறைவேற்றியதை நீதிமன்றம் செல்லாததாக்கியது. கனடா உச்ச நீதிமன்றமோ 1992-இல் பட்லர் வழக்கில் ‘தீங்கு’ என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் கனடா சுங்கத் துறை, வான்கூவரில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் நடத்திய ‘லிட்டில் சிஸ்டர்ஸ்’ புத்தகக் கடைக்கு வந்த நூல்களைத் தொடர்ந்து தடுத்துக்கொண்டிருந்தது. அது பாரபட்சம் என்று 2000-இல் அதே நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல நோக்கத்தில் எழுதிய அளவுகோல்கூட, அதிகாரியின் கைக்குப் போனதும் அவருக்குப் பிடிக்காதவர் மேல்தான் முதலில் விழுகிறது.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: பார்ப்பவருக்குக் கூச்சமாக இருக்கிறதா என்று கேட்பதை விடுங்கள். படத்தில் இருப்பவர் வயது வந்தவரா, எடுக்கவும் வெளியிடவும் சம்மதித்தாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் சட்டம் முழு வேகத்தில் பாய வேண்டும். இன்றைய 67ஏ இந்தச் சம்மதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. அதன் பெருங்குறை அதுதான்.

பழகிய காலத்தில் நானே அனுப்பிய படங்களை இப்போது வெளியிடுவேன் என்று மிரட்டுகிறான். சிலவற்றை ஒரு தளத்தில் போட்டும்விட்டான். ‘நீதானே அனுப்பினாய்’ என்று போலீஸ் கேட்குமோ என்று பயம்.
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

சகோதரி, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின் விளக்கமே உங்களுக்காக எழுதப்பட்டதுபோல இருக்கிறது. படமெடுக்கச் சம்மதித்த பெண், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். முதல் முறைக்கே குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. மிரட்டலுக்கு 351, பணம் கேட்டால் 308 கூடச் சேரும்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். அவனை பிளாக் செய்வதற்கும் உரையாடலை அழிப்பதற்கும் முன் சாட்சியத்தைச் சேருங்கள். வழக்குகள் பலவீனமாவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்கிரீன்ஷாட்டில் படம் மட்டும் இருந்தால் போதாது. முழு இணைய முகவரி, தேதி, நேரம், கணக்கின் பெயர், போன் எண் தெரிய வேண்டும். கணக்கின் பெயரை மாற்றிவிடுவான், அதனால் சுயவிவரப் பக்கத்தின் இணைப்பையும் தனியாகக் குறித்து வையுங்கள். இன்னொரு போனால், உரையாடலை மேலிருந்து கீழ்வரை நகர்த்தியபடி ஒரு வீடியோ எடுங்கள். உங்கள் போனை ரீசெட் செய்யவோ விற்கவோ கூடாது. மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. ‘தெரிகிறதா பார்’ என்று தோழிகளுக்கு அந்த இணைப்பை அனுப்பாதீர்கள்.

அடுத்து, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு ‘என் சம்மதமின்றி வெளியான அந்தரங்கப் படம்’ என்ற சொற்களோடு, ஒவ்வொரு முகவரியையும் தனித்தனி வரியில் எழுதிப் புகார் அனுப்புங்கள். உங்கள் சார்பில் இன்னொருவரும் அனுப்பலாம். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் இதற்கு முதலில் வைத்த கெடு 24 மணி நேரம்; 2026 பிப்ரவரித் திருத்தம் அதை 2 மணி நேரமாகக் குறைத்தது. மார்பிங் செய்த படத்துக்கும் இது பொருந்தும். புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். நடவடிக்கை திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

இன்னும் வெளிவராத படங்களுக்கு ‘ஸ்டாப்என்சிஐஐ’ தளம் உதவும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண், அதாவது அதன் ‘எண் கைரேகை’ மட்டும் போகும். அதில் இணைந்துள்ள தளங்கள் அந்தக் கைரேகையோடு ஒத்துப்போகும் படத்தைத் தடுக்கும். மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய தனிச் செய்திகளுக்குள் இது எட்டாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை.

தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். எந்தக் காவல் நிலையமும் ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகளை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

மகனுக்கு 12 வயது. வீட்டில் இதைத் தடுக்க என்ன செய்யலாம்?
– ஒரு தந்தை, கோவை

தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய எண்ணைத் தேடித் தரும் சேவைதான் டிஎன்எஸ். ரவுட்டரில் அதன் முகவரியை, ஆபாசத் தளங்களைத் தடுக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.3 என்றும், இரண்டாவதை 1.0.0.3 என்றும் மாற்றுங்கள். இரண்டாவதைப் பழையபடி விட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் தடை வேலை செய்வதில்லை. மொபைல் டேட்டாவுக்கு ரவுட்டர் கட்டுப்பாடு கிடையாது, ஆகவே ஆண்ட்ராய்டு போனின் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பிலும் ‘ஃபேமிலி டாட் கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ் டாட் காம்’ என்று ஆங்கிலத்தில் இடுங்கள். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியால் புதிய செயலிகள் உங்கள் அனுமதி கேட்டே இறங்கும். டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களுக்குள் வருவதை இவை எதுவும் தடுக்காது. அங்கே ஏதாவது வந்தால் அப்பாவிடம் சொல்லலாம், திட்டு விழாது என்று அவனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.