தெரிவா, தேர்வா, நியமனமா? தமிழாசிரியர் பதில்கள்

கல்லடி வாசகர்: சேர், "சங்கத் தலைவராகத் தேர்வு செய்யப்பட்டார்" என்று எழுதினேன். தெரிவு என்று திருத்திவிட்டார்கள். எது சரி?

இரண்டும் சரி தம்பி. தெரிதல், தேர்தல் இரண்டுமே ஆராய்ந்து எடுப்பதுதான். திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஆளைப் பார்த்து எடுத்து, அப்புறம் நம்புவது. தமிழ்நாட்டில் பரீட்சையையும் தேர்வு என்பார்கள். இலங்கையில் நமக்கு அது பரீட்சை, வாக்கால் வருவது தெரிவு. மட்டக்களப்பில் படிக்கிறவர்களுக்கு எழுதினால் தெரிவு என்றே எழுதுங்கள்.

ஆனால் யார் தெரிவு செய்தார்கள் என்பதை விட்டுவிட வேண்டாம். 2022 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகத் தெரிவானார். வாக்களித்தவர்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள். கிடைத்தது 134 வாக்கு. "ஜனாதிபதியாகத் தெரிவானார்" என்று மட்டும் எழுதினால், சனம் புள்ளடி போட்டு வந்தவர் என்றுதான் பிள்ளைகள் விளங்கிக்கொள்ளும்.

அக்கரைப்பற்று வாசகி: தெரிவாகினாரா, தெரிவானாரா?

தெரிவானார்.

வாழைச்சேனை வாசகர்: எங்கள் விளையாட்டுக் கழகத்தில் செயலாளர் பதவிக்கு ஒருவர்தான் முன்மொழியப்பட்டார். "ஏகமனதாகத் தெரிவு" என்று கூட்டறிக்கையில் போட்டோம்.

போட்டியின்றித் தெரிவு என்று போடுங்கள். ஏகமனதாக என்றால் எல்லோரும் ஒரே மனமாக ஒப்பினார்கள். போட்டியின்றி என்றால் எதிரே ஆள் நிற்கவில்லை, அவ்வளவுதான். 1993 மே மாதம் டி. பி. விஜேதுங்கவைப் பாராளுமன்றம் ஜனாதிபதியாகப் போட்டியின்றித் தெரிவு செய்தது.

கல்முனை வாசகர்: தேசியப் பட்டியல்காரர் நியமனம்தானே சேர்? அவருக்கு எப்படித் தெரிவு என்று எழுதுவது?

பாராளுமன்ற உறுப்பினர் 225 பேரில் 196 பேர் மாவட்ட வாக்கால் வருகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியலால். அந்த 29 பேரையும் கட்சி நியமிக்கிறது. அப்படி நியமிக்கப்பட்டவரைத் தெரிவானவராகப் பிரகடனம் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 99அ உறுப்புரை சொல்கிறது. ஆகவே சட்டப்படி தெரிவானவர்தான்.

அதே வாசகர்: நான் அவருக்குப் புள்ளடி போடவே இல்லையே!

உண்மை, அதனால்தான் "தேசியப் பட்டியல் ஊடாக" என்ற மூன்று சொல் வேண்டும்.

காத்தான்குடி வாசகர்: நானும் கல்முனைக்காரர் பக்கம்தான். கட்சிக்கு விழுந்த வாக்கு, ஆளுக்கு விழுந்த வாக்கு ஆகாது.

ஆளுக்கென்று போடும் விருப்பு வாக்கை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த ஆசனம் கட்சிக்கு நாடு முழுக்க விழுந்த வாக்கின் கணக்கில்தான் கிடைக்கிறது. வெறும் 'நியமனம்' என்று எழுதினால் அந்த வாக்கு மறைந்துபோகும், வெறும் 'தெரிவு' என்றால் கட்சியின் கை மறைந்துபோகும். இரண்டையும் காட்டி எழுதுங்கள்.

களுவாஞ்சிகுடி வாசகர்: தெரிவா, தேர்வா சேர்?

முதல் பதிலில் சொல்லிவிட்டேன்.

திருக்கோவில் வாசகர்: வாக்காளர் இடாப்பில் என் பெயர் இல்லை.

அதற்குக் கிராம சேவகரிடம் போங்கள் தம்பி, சுணங்காமல்.

கொக்கட்டிச்சோலை வாசகர்: கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருக்குத் தெரிவு என்று எழுதலாமா?

தாராளமாக. கோயிலுக்கு உரிமையுள்ள குடியார் கூடி எடுத்தால் அது தெரிவுதான், கையுயர்த்தினாலும் சீட்டில் எழுதினாலும். இங்கேயும் அதேதான்: எந்தக் குடியார் கூடினார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்று கோயில் கொப்பியில் எழுதி வையுங்கள். வழக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.