டிடிஏ ஃபிளாட்டில் மாவுக் கடை வைக்கலாமா?

கேள்வி: டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் 1-இல் தரைத்தளத்தில் எங்களுக்கு ஒரு டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) ஃபிளாட் இருக்கிறது. என் கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். முன்னறையில் இட்லி மாவு, காபித்தூள், ஊரிலிருந்து வரவழைக்கும் அப்பளம், வடாம் எல்லாம் விற்கலாம் என்று யோசனை. நன்றாகப் போனால் நாலு மேசை போட்டு மாலை டிபனும் கொடுக்கலாம். உள்ளறையில் மகன் தன் சிஏ ஆபீஸை வைத்துக்கொள்வான். "கமர்ஷியல் மீட்டர் வாங்கிவிடுங்கள், அது போதும். உங்கள் பாக்கெட்டிலேயே (குடியிருப்புத் தொகுதியிலேயே) பத்துக் கடை இருக்கிறதே" என்கிறார் பிராபர்ட்டி டீலர். நம்பலாமா?

பதில்: மாவும் காபித்தூளும் விற்கலாம். மேசை போட முடியாது. மகனின் ஆபீஸுக்கு வழி உண்டு. மீட்டர் பற்றி டீலர் சொல்வதை நம்பாதீர்கள்.

முதலில் மீட்டர். மின் நிறுவனம் பார்ப்பது மின்சாரம் எதற்குச் செலவாகிறது, எந்தக் கட்டணம் போடலாம் என்பதைத்தான். அந்த இடத்தில் கடை நடத்தலாமா என்று முடிவு செய்வது அவர்கள் வேலையே இல்லை. ஜிஎஸ்டி பதிவும், வீட்டு வரியைக் கடை விகிதத்தில் கட்டிய ரசீதும் அப்படியே. இவை எதுவும் நில உபயோக அனுமதி ஆகாது.

பத்துக் கடை இருக்கிறதே என்ற பேச்சு இன்னும் ஆபத்து. 2006-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் டெல்லி முழுக்க குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு சீல் வைத்தார்கள். கண்காணிக்க ஒரு குழுவையும் நீதிமன்றமே நியமித்தது. அப்போது எனக்குத் தெரிந்த ஒருவரின் மெஸ்ஸும் மூடப்பட்டது. ஷட்டர் பூட்டைத் துணியால் சுற்றி, அதன்மேல் அரக்கை உருக்கி முத்திரை குத்தினார்கள். மறுநாளுக்கு ஊறப்போட்ட அரிசி உள்ளேயே இருந்தது. அவரும் பக்கத்துக் கடைகளைப் பார்த்துத் தொடங்கியவர்தான். 2017 கடைசியில் சீல் வைப்பு மறுபடியும் தொடங்கியது. பக்கத்துக் கடைக்காரர் பிரதான சாலையில் இருக்கலாம், அல்லது அவரும் விதியை மீறியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

சரி, விதி எங்கே இருக்கிறது? 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட டெல்லி மாஸ்டர் பிளான் 2021 என்ற நகரத் திட்டத்தின் 15-ஆம் அத்தியாயத்தில். குடியிருப்பில் எந்தெந்தத் தொழிலை எப்படி நடத்தலாம் என்பதுதான் அந்த அத்தியாயம் முழுக்க. திட்டம் போடுவது டிடிஏ, தெருவில் இறங்கி அமல்படுத்துவது மாநகராட்சி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான ஜன்னலில் வரிசையில் நிற்பவர்கள் ஏராளம்.

உங்களுடையது தனி பிளாட்டில் (மனையில்) கட்டிய வீடு இல்லை, பல வீடுகள் நிலத்தைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் குழுக் குடியிருப்பு. இந்த வேறுபாடு முக்கியம். குழுக் குடியிருப்பு வீடுகளில் இரண்டே இரண்டுக்குத்தான் இடம்: சிறு கடை, தொழில்முறை அலுவலகம். மற்றபடி, லேஅவுட்டிலேயே கடைக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் கடை நடத்த வேண்டும்.

சிறு கடை என்றால் தரைத்தளத்தில் மட்டும், அதிகபட்சம் 20 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 215 சதுர அடி. என்ன விற்கலாம் என்பதற்கும் பட்டியல் இருக்கிறது: மளிகை, காய்கறி, பால் பொருள், பேக்கரி, மருந்து, தையல், சலூன், ஆட்டா சக்கி (மாவு மில்), இப்படிப் போகிறது. நீங்கள் சொல்லும் சரக்கு மளிகையில் அடங்கிவிடும். ஆனால் அதே பட்டியலில் இனிப்புக் கடைக்கும் டீக்கடைக்கும் 'உட்கார வசதி இல்லாமல்' என்று எழுதியிருக்கிறது. டீ குடிக்க ஒரு பெஞ்சுகூடக் கூடாது என்னும்போது டிபனுக்கு நாலு மேசை எப்படி? மேசை ஆசை விடவில்லை என்றால் அருகிலுள்ள டிடிஏ லோக்கல் ஷாப்பிங் சென்டரில் கடை தேடுங்கள். வாடகை கடிக்கும், ஆனால் தூக்கம் கெடாது.

இன்னொன்று, விற்பது வேறு, அரைப்பது வேறு. வீட்டு கிரைண்டரில் நாலு படி போடுவதோடு நின்றால் தொல்லை இல்லை. ஆள் வைத்து, பெரிய கிரைண்டர் போட்டு, மற்ற கடைகளுக்கும் சப்ளை என்று வளர்ந்தால் அது வீட்டுத்தொழில் கணக்கில் போய்விடும். அதற்குத் தனிப் பட்டியல், ஆள் எண்ணிக்கைக்கும் மின்சுமைக்கும் தனி வரம்பு. அப்புறம், அளவு சின்னதோ பெரிதோ, உணவுப் பொருள் விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ உரிமமோ வேண்டும்.

தரைத்தளக்காரர்கள் வழுக்குவது பெரும்பாலும் வாசலில்தான். முதலில் ஜன்னலை உடைத்து ஷட்டர். பிறகு முன்னாலிருக்கும் புல்தரையில் தகரக் கூரை, அதன்கீழ் ஃப்ரிட்ஜ். அந்தப் புல்தரை உங்களுடையது இல்லை, பொது நிலம். சுவர் எல்லோருக்கும் பொதுவான கட்டடத்தைத் தாங்குவது. உள்ளே நடக்கும் கடைக்கு அனுமதி இருந்தாலும் வெளியே நீட்டிய பகுதிக்கு இல்லை. மாநகராட்சி ஆள் வந்தால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான்.

மகன் விஷயம் எளிது. மருத்துவர், வழக்கறிஞர், ஆர்க்கிடெக்ட், சிஏ போன்றவர்கள் குழுக் குடியிருப்பில் எந்தத் தளத்திலும் அலுவலகம் வைக்கலாம். வீட்டின் அனுமதிக்கப்பட்ட பரப்பில் பாதிக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கடையும் ஆபீஸும் சேர்ந்து சின்ன ஃபிளாட்டை விழுங்கிவிட்டால் குடியிருக்க என்ன மிஞ்சும்? என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றை வையுங்கள். முதல் வருடம் கடை மட்டும் போதும்.

தனி பிளாட் வீட்டை வாடகைக்கு எடுத்துப் பெரிய கடை போடும் எண்ணம் பிறகு வந்தால் கணக்கு மாறும். அங்கே தெரு, வீடும் கடையும் சேர்ந்திருக்கலாம் என்று அறிவிக்கப்பட்ட கலப்பு உபயோகத் தெருவாக இருக்க வேண்டும், கடை தரைத்தளத்தோடு நிற்க வேண்டும். வீட்டு வரிக்காகக் காலனிகளை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். சாதாரண பிளாட் காலனிகளில் சி, டி பிரிவு என்றால் தெரு குறைந்தது 18 மீட்டர், இ, எஃப், ஜி என்றால் 13.5 மீட்டர். நகர்ப்புற கிராமங்களில் 6 மீட்டர் போதும். காலனி எந்தப் பிரிவு என்பது வீட்டு வரிக் காகிதத்திலேயே இருக்கும். கார்கள் நின்றது போக மிஞ்சிய தார் ரோட்டை அளக்காதீர்கள், எதிரெதிர் பிளாட் எல்லைகளுக்கு நடுவே உள்ள அகலம்தான் கணக்கு. அத்தகைய தெருவில் பதிவும் வருடக் கட்டணமும் உண்டு. கட்டாமல் நடத்தினால் அபராதமும் உண்டு.

இந்த வாரமே இரண்டு வேலை செய்யுங்கள். ஃபிளாட் இன்னும் லீஸ்ஹோல்டா (டிடிஏ குத்தகையா), ஃப்ரீஹோல்டு (முழு உரிமை) ஆகிவிட்டதா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். லீஸ்ஹோல்டு என்றால் அதிலுள்ள 'குடியிருப்புக்கு மட்டும்' என்ற நிபந்தனையைக் காட்டி டிடிஏ தனியாகக் கேள்வி கேட்கலாம். அடுத்து, மாநகராட்சியின் ஷாதரா தெற்கு மண்டல அலுவலகத்துக்கு, உங்கள் முகவரியில் 20 சதுர மீட்டர் மளிகைக் கடைக்கு என்னென்ன பதிவு தேவை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் காகிதம் வரும்வரை ஃப்ரிட்ஜுக்கோ ரேக்குக்கோ முன்பணம் கொடுக்காதீர்கள்.

மேல்வீட்டுக்காரரிடமும் கடை திறக்கும் முன்பே பேசிவிடுங்கள். நான் பார்த்த புகார்களில் பெரும்பாலானவை வாசலை மறித்து நின்ற ஸ்கூட்டரில்தான் தொடங்கியிருக்கின்றன.